ஜிப்ஸியில் லோ கியர் நழுவுகிறதா? இவற்றைச் செய்யாதீர்கள்

மாருதி ஜிப்ஸியில் கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். சாதாரண ஓட்டத்துக்கான ஹை கியர், மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் லோ கியர் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்றும் டிரான்ஸ்ஃபர் லிவரில் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருக்கிறது. ஆகவே ஏற்றத்தில் லோ கியர் நழுவினால் வண்டி ஹை கியருக்கு மாறிக்கொள்ளாது. என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிடும். என்ஜின் வீணாக உறுமும், வண்டி பின்னோக்கி உருளும். இறக்கத்தில் என்ஜினின் பிடிப்பு போய்விடும். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று இதை விட்டுவைப்பதை விடப் பெரிய தவறு இல்லை.

லிவரைக் கையால் அழுத்திப் பிடித்தபடி மலையேறுகிறவர்கள் உண்டு. கயிறு போட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. அந்த அழுத்தம் முழுவதும், பெட்டிக்குள் லிவரோடு நகரும் கவையான ஃபோர்க்கின் முனைகளில்தான் இறங்கும். கியரோடு கோத்துச் சுழலும் வளையமான ஸ்லீவின் பள்ளத்தில் அந்த முனைகள் உரசி உரசித் தேயும். சிறு செலவில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பெட்டியைப் பிரிக்கும் வேலையாக வளர்ந்துவிடும்.

எடுத்த எடுப்பிலேயே பெட்டியைப் பிரிப்பதும் தவறுதான். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. மூன்று ரப்பர் மவுண்டிங்குகளில் சேஸியோடு தனியாகத் தொங்குகிறது. லோ கியரில் முறுக்குவிசை பெருகும்போது பெட்டியே திரும்பப் பார்க்கும். ரப்பர் வெடித்தோ எண்ணெய் குடித்து ஊதியோ இருந்தால் நன்றாகவே திரும்பிவிடும். லிவர் அந்தப் பெட்டியில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்டி திரும்பும்போது லிவர் தரைத் தகட்டின் விளிம்பிலோ, விறைத்துப்போன ரப்பர் உறையிலோ, பிறகு ஒட்டிய தடித்த கார்ப்பெட்டிலோ முட்டி நின்றால், யாரோ கையால் பிடித்து இழுத்ததைப் போல கியர் வெளியே வந்துவிடும்.

எனவே முதலில் உறையையும் கார்ப்பெட்டையும் விலக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நழுவல் நின்றால் செலவே இல்லை. பிறகு என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கடப்பாரையால் ஒவ்வொரு மவுண்டிங்கையும் நெம்பிப் பாருங்கள். ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய ஒன்றும் தளர்ந்த இரண்டும் சேர்ந்தால் பெட்டி கோணலாகவே நிற்கும்.

லிவரின் நிலையைப் பிடித்துவைக்கும் சிறு இரும்புக் குண்டுக்குப் பின்னால் வாஷர் வைத்து ஸ்பிரிங்கை இறுக்குவது பட்டறைகளில் பிரபலமான வைத்தியம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் புதிய ஸ்பிரிங்தான் பதில். தவிர, பாரம் ஏறியபின் கியரைப் பிடித்துவைப்பது குண்டு அல்ல, கியரிலும் ஸ்லீவிலும் உள்ள பற்கள். பாரம் ஏற ஏற ஒன்றையொன்று உள்ளே இழுக்கும்படி அவை லேசான சரிவோடு இருக்கும். முனை மழுங்கிவிட்டால் அதே பாரம் ஸ்லீவை வெளியே தள்ளும்.

குலுங்கும்போது மட்டும் நழுவினால் மவுண்டிங்கையும் ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். மவுண்டிங்குகள் நன்றாக இருந்தும் சீரான ஏற்றத்தில் நழுவினால் பற்களும் பேரிங்குகளும்தான் குற்றவாளிகள். அப்போது பெட்டியைப் பிரிக்கலாம். பிரித்தபின் கியரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஸ்லீவையும் தேய்ந்த ஃபோர்க்கையும் திரும்பப் போடாதீர்கள். புதுப் பற்களையும் அவை சீக்கிரமே மழுக்கிவிடும்.

பற்கள் மழுங்க முக்கியக் காரணம், ஓடும் வண்டியில் கரகரவென்று லோ கியர் போடுவது. வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்துப் போடுங்கள். இன்னொன்று, இந்தப் பெட்டிக்கு ஆயில் தனி. கியர்பாக்ஸில் ஊற்றியது இங்கே வராது. வடிக்கும்போது ஆயிலில் மெல்லிய சாம்பல் நிற உலோகத் தூள் கொஞ்சம் வந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் வந்தால் வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.