தேன் கட்டி ஆயிடுச்சா? தூக்கிப் போட்டுடாதீங்க

எறும்பு வருதுன்னு எங்க மாமியார் தேன் பாட்டில ஃபிரிட்ஜ்ல வச்சுட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா அடியில வெள்ளையா ரவை மாதிரி கட்டிக்கிட்டு நிக்குது, "சீனிப்பாகு கலந்துட்டான்மா"ன்னு குப்பையில போடக் கிளம்பிட்டாங்க, நான்தான் ஓடிப் போயி புடுங்கினேன்.

அது குளுக்கோஸ்ங்கிற ஒரு வகை சர்க்கரை. தேன்ல நூத்துக்கு சுமார் 38 பங்கு ஃபுரக்டோஸ்ங்கிற பழச்சர்க்கரை, 31 பங்கு குளுக்கோஸ், 17 பங்கு தண்ணி, மிச்சத்துல மால்டோஸ்னு இன்னொரு சர்க்கரை கொஞ்சம், நம்ம சீனியில இருக்குற சுக்ரோஸ் ரொம்பக் கம்மி, ஏன்னா பூவுல எடுத்த சுக்ரோஸ தேனீயே இன்வெர்டேஸ்னு ஒரு என்சைம் வச்சு குளுக்கோஸ், ஃபுரக்டோஸ்னு ரெண்டா உடைச்சிடுது. இதுல குளுக்கோஸ் தண்ணியில அவ்வளவா கரையாது, குளிர் பட்டா பிரிஞ்சு கட்டிடும். ஃபுரக்டோஸ் ஜாஸ்தி உள்ள தேன் ரொம்ப நாள் இளகலாவே இருக்கும். அதனால கட்டுனா கலப்படம்னு சொல்லிட முடியாது.

இளக்குறது ஈஸி. தண்ணிய 40 டிகிரி அளவுக்கு, அதாவது கை வச்சா பொறுக்குற சூட்டுக்கு வச்சு அடுப்ப அணைச்சிடுங்க, கண்ணாடி பாட்டில் மூடிய லூஸ் பண்ணி உள்ள நிக்க வைங்க, தண்ணி ஆறுனா மாத்துங்க, நடுவுல ஈரமில்லாத கரண்டியால ஒரு கிண்டு. பாட்டில் நிறைய இருந்தா ஒரு மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டு மைக்ரோவேவ்ல வச்சுடாதீங்க, ஒரு பக்கம் கொதிச்சு வாசனையும் என்சைமும் போயிடும்.

அப்புறம் வெளியவே வைங்க, எறும்புக்கு ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல பாட்டில நிறுத்துனா போதும். ஆனா மூடிய இறுக்கி மூடணும், சிங்கப்பூர் காத்துல இருக்குற ஈரத்த ஃபுரக்டோஸ் இழுத்துக்கும், தண்ணி 20 பங்குக்கு மேல போனா ஈஸ்ட் வேலைய காட்டும், நுரைச்சு புளிச்ச வாடை வரும், அத சாப்பிடாதீங்க.

எங்கப்பா காப்பிக்கடையில தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத டீ, பொட்டலம் கட்டிட்டு வந்து வீட்ல ரெண்டு பெரிய கரண்டி தேன் ஊத்திப்பாரு, இயற்கைன்னு. ஒரு டேபிள்ஸ்பூன்ல 17 கிராம் சர்க்கரை இருக்குப்பா! நீரிழிவு உள்ளவங்க அதையும் கணக்குல சேத்துக்கணும். ஃபுரக்டோஸ் சீனிய விட இனிப்பு, அதனால ஒரு டீஸ்பூனே போதும்னு இப்ப பழக்கிட்டேன்.

பிறந்த குழந்தைக்கு நாக்குல தேன் தடவுறது மட்டும் வேண்டவே வேண்டாம், பாட்டி சொன்னாலும் சரி. பொட்டுலிசம்னு ஒரு கடுமையான நச்சு நோய் இருக்கு, அந்தக் கிருமியோட வித்து அதுல இருக்கலாம், சூடு பண்ணாலும் சாகாது, ஒரு வயசு முடியட்டும்.