அமெரிக்க அரசுப் பள்ளியில் மழலையர் ஆசிரியராக உரிமம் வாங்குவது எப்படி?

நான்கு வயதுக் குழந்தைகள் படிக்கும் இரண்டு வகுப்புகள் ஒரே தெருவில் இருக்கலாம். ஒன்றில் ஆசிரியராக மாநில உரிமம் கட்டாயம், இன்னொன்றில் பட்டமே தேவைப்படாது. வகுப்பை நடத்துவது யார் என்பதுதான் வித்தியாசம். இது புரியாமல் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. இந்தியாவில் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

அரசுப் பள்ளியின் பிரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) என்றால் பெரும்பாலான மாநிலங்களில் இளங்கலைப் பட்டமும் மாநிலக் கல்வித் துறையின் ஆசிரியர் உரிமமும் வேண்டும். ஹெட் ஸ்டார்ட், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்காக நடுவண் அரசு பணம் தரும் திட்டம். அதன் விதிகள் வேறு. நாடு முழுவதும் அதன் ஆசிரியர்களில் பாதிப் பேராவது இளங்கலை முடித்திருக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கு வைத்தது. தனியார் டேகேரில் உரிமம் வாங்க வேண்டியது மையம்தான். அங்கே சேர, சிறு குழந்தைகளைப் பராமரித்துக் கற்பிப்பவர்களுக்கான சிடிஏ சான்றிதழ் நல்ல துணை: 120 மணி நேரப் படிப்பு, குழந்தைகளோடு 480 மணி நேர அனுபவம். ஆனால் சிடிஏ மட்டும் இருந்தால் அரசுப் பள்ளி உரிமம் கிடைக்காது.

படி 2: உங்கள் மாநிலத்தில் உரிமத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

நாடு முழுமைக்கும் ஒரே உரிமம் கிடையாது. நியூ ஜெர்சியில் பிரீஸ்கூல் முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் உள்ளது 'பி-3'. நியூயார்க்கில் பிறப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை. டெக்சாஸில் பலர் வாங்குவது ஆறாம் வகுப்பு வரை செல்லும் 'இசி-6'. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பல மாநிலங்களில் தனி உரிமம் உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2000-இல், பள்ளி நிதி பற்றிய ஆபட் வழக்கில், ஏழை மாவட்டங்களின் பிரீஸ்கூல் ஆசிரியர்கள் 2004-க்குள் பட்டமும் சான்றும் பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. வசதி இல்லாத குழந்தைக்கும் நன்றாகப் பயின்ற ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அது நியாயமான எதிர்பார்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

படி 3: இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்யுங்கள்

இதைத் தேர்வுக்கு முன்பே செய்யுங்கள். மாநிலக் கல்வித் துறை ஏற்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து, அதில் ஒன்றிடம் பாடவாரியான மதிப்பீட்டைக் கேளுங்கள். மொத்தப் பட்டத்தை மட்டும் மதிப்பிடும் சுருக்க அறிக்கை பெரும்பாலும் செல்லாது.

மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. பட்டத்தில்தான் சிக்கல். அதை நான்காண்டு அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமாக எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. பி.எட். அல்லது எம்.ஏ. இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள், முடிவு மாறக்கூடும். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் பதிவு) வர மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். இன்று ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியர் பயிற்சிப் படிப்பையும் வகுப்பறைப் பயிற்சியையும் முடித்துவிட்டு உரிமம் கேட்பது ஒரு வழி. பட்டம் மட்டும் இருந்தால் மாற்று வழி உண்டு. நியூ ஜெர்சியில் முதலில் தகுதிச் சான்று வாங்கி, பள்ளியில் வேலை கிடைத்ததும் சம்பளத்தோடு கற்பித்துக்கொண்டே பயிற்சியை முடிக்கலாம். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

படி 5: தேர்வுகள், கைரேகை

பல மாநிலங்கள் ஆசிரியர்களுக்கான பிராக்சிஸ் என்ற பொதுத் தேர்வைக் கேட்கின்றன. டெக்சாஸுக்குச் சொந்தத் தேர்வுகள் உண்டு. இசி-6 உரிமத்துக்கு வாசிப்பு கற்பித்தல் பற்றித் தனித் தேர்வும் எழுத வேண்டும். தேர்வின் எண்ணைக் கல்வித் துறைப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அப்புறம் கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை. நியூயார்க்கில் குழந்தைக் கொடுமையைக் கண்டறிவது, பள்ளி வன்முறையைத் தடுப்பது போன்ற பயிற்சி வகுப்புகளும் கட்டாயம்.

படி 6: வேலை அனுமதியைத் தனியாகப் பாருங்கள்

ஆசிரியர் உரிமம் இருந்தாலும் விசா அனுமதிக்காவிட்டால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் கணவன் அல்லது மனைவியாக) இருப்பவர்களுக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை தேவை. அனுமதி இருந்து, உரிமம் மட்டும் இன்னும் வரவில்லையா? பாராபுரொஃபெஷனல், அதாவது வகுப்பு உதவியாளர் வேலையைப் பாருங்கள். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு நடுவண் அரசு தரும் டைட்டில் 1 நிதியைப் பெறும் பள்ளிகளில்கூட இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு இருந்தால் போதும். பள்ளி நடைமுறை பழகும், பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும்.

உரிமம் வந்த பிறகு

டெக்சாஸில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 150 மணி நேரத் தொடர் பயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். நியூயார்க்கில் முதல் சான்று ஐந்தாண்டுதான் செல்லும். நிரந்தர நிலைக்குப் போக முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் உரிமம் தானாகக் கூடவே வராது. மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் இருந்தாலும், புதிய இடத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், விடுபட்ட தேர்வு இருந்தால் எழுத வேண்டும். பழைய மாநிலத்திலிருந்து உரிமச் சரிபார்ப்பையும், பள்ளியிலிருந்து பணி அனுபவக் கடிதத்தையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.