எதை முகப்பில் வைப்பது, எதை மெனுவுக்குள் வைப்பது? பில்லிங் ஆப் திரையை வைத்து ஒரு செய்முறை

"திரை சிம்பிளா இருக்கணும்" என்றதும், டிசைன் பழகத் தொடங்கியவர்கள் பாதி பட்டன்களை எடுத்து மூன்று கோடு மெனுவுக்குள் போட்டுவிடுவார்கள். திரை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் உள்ளே போன வசதி அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000-இல் அடிக்கடி தொடாத கட்டளைகள் மெனுவில் மறைந்துகொள்ளும். கீழே உள்ள இரட்டை அம்பை அழுத்தினால் முழுப் பட்டியலும் விரியும். ஆபீஸ் 2007-இல் வந்த ரிப்பன் என்ற மேல்பட்டை, கட்டளைகளை மறுபடி கண்ணெதிரே பரப்பியது. 2012-இல் விண்டோஸ் 8 எடுத்துவிட்ட ஸ்டார்ட் பட்டனை, அடுத்த வருடமே 8.1 திருப்பிக் கொண்டுவந்தது.

ஒரு மளிகைக் கடை பில்லிங் ஆப்பை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

கடைக்காரர் சொல்வது போலவே எழுதுங்கள். பொருள் சேர்ப்பது, பணம் வாங்குவது, பில் அடிப்பது, தள்ளுபடி, கடன் கணக்கில் எழுதுவது, பொருளைத் திரும்ப வாங்குவது, பில்லை ரத்து செய்வது, ஜிஎஸ்டி அறிக்கை, பிரிண்டரை இணைப்பது.

படி 2: இரண்டு கேள்விகள்

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பதில் வேண்டும். எவ்வளவு அடிக்கடி தேவை? தேவைப்படும்போது எவ்வளவு அவசரம்?

பொருள் சேர்ப்பதும் பணம் வாங்குவதும் நாள் முழுக்க நடப்பவை, இவை முகப்பில். பிரிண்டர் இணைப்பு, ஜிஎஸ்டி அறிக்கை இரண்டும் எப்போதாவது, நிதானமாக உட்கார்ந்து செய்பவை, இவை மெனுவில். சிக்கலே மூன்றாவது வகைதான்: அரிதாக வரும், ஆனால் வந்தால் உடனே முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், தப்பாக அடித்த பில்லை ரத்து செய்தாக வேண்டும். எத்தனை முறை பயன்படுகிறது என்ற கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வசதி மெனுவின் அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

படி 3: தேவைப்படும் இடத்தில் காட்டுங்கள்

அதற்காக 'ரத்து' பட்டனை முகப்பில் வைக்க வேண்டியதில்லை. பில் போட்டு முடிந்ததும் வரும் திரையிலேயே, மொத்தத் தொகைக்குக் கீழே 'பில்லை ரத்து செய்', 'பொருள் திரும்ப' என்று இரண்டு வரி போதும். பழைய பில்லைத் திறந்தாலும் அதே இடத்தில் அதே வரிகள் இருக்க வேண்டும். தள்ளுபடியும் அப்படித்தான். பட்டியலில் ஒரு பொருளாவது சேர்ந்த பிறகு மொத்தத்துக்கு மேலே 'தள்ளுபடி சேர்' என்று வரட்டும். காலியான பில்லில் அதற்கு வேலையில்லை. முகப்பில் ஒரு பட்டன்கூடக் கூடாமல், இந்த மூன்று வசதிகளும் வேண்டிய நேரத்தில் கண்ணில் படுகின்றன. இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எளிமைக்கும் வசதிக்கும் நடக்கும் இழுபறி பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: மிச்சத்துக்குப் பெயர்ப்பலகை

மெனு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூன்று கோடு ஐகான் 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. இன்று பலருக்கும் பழகிவிட்டது. ஆனால் 'மேலும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். 'அறிக்கைகள்', 'கடன் கணக்கு', 'பிரிண்டர்' என்று பெயர் சொல்லிப் பிரித்து வையுங்கள். கீழ்ப்பட்டையில் மூன்று முதல் ஐந்து டேப் போதும் என்பது கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைனின் பரிந்துரை. ஐகானுக்குக் கீழே எழுத்து கட்டாயம் இருக்கட்டும். தொடும் இடம் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி (dp, எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதற்கான அலகு). ஸ்வைப், லாங் பிரஸ் இரண்டும் குறுக்குவழியாக இருக்கலாம், ஒரே வழியாக இருக்கக் கூடாது.

படி 5: கையில் கொடுத்துப் பாருங்கள்

ஆப்பைப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். பட்டனின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "இவங்க பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தர்றாங்க, பணத்தைக் கொடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, விரல் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். நடுவில் உதவாதீர்கள். இரண்டு மூன்று பேர் ஒரே தவறான இடத்தில் தேடினால் வசதியை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஆப் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால், பழைய இடத்திலும் ஒரு இணைப்பைக் கொஞ்ச காலம் விட்டுவையுங்கள். பழகிய கை அங்கேதான் போகும்.