பழைய ரெமிங்டன் 742 வாங்கப் போகிறீர்களா? வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் மான் சீசன் நெருங்கினால் அடகுக் கடைகளிலும் கன் ஷோக்களிலும் ஒரு ரைஃபிள் தவறாமல் கண்ணில் படும்: ரெமிங்டன் 742 வுட்ஸ்மாஸ்டர். 1960-லிருந்து 1980 வரை தயாரித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒவ்வொரு தடவை ட்ரிகரை இழுத்ததும் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. வால்நட் கட்டை, கைக்கு அடக்கமான எடை, பட்ஜெட்டுக்கு அடங்கும் விலை. நான் இருக்கும் டெக்சாஸில் 450 டாலருக்கு ஒன்று வாங்கினேன். மூன்றாவது தோட்டாவிலேயே சிக்கியது. இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது 742. மூன்று சீசனாக ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. இரண்டையும் வாங்கியதற்கு நடுவே நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. எப்படியிருந்தாலும் லைசென்ஸ் உள்ள டீலர் மூலமே வாங்குங்கள், வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் எல்லாம் பதிவாகிவிடும். உங்கள் மாநில விதியையும் பாருங்கள். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளே கூடாது.

கடைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்? கழுத்து வளையும் சின்ன எல்.ஈ.டி விளக்கு, பல் டாக்டர் கண்ணாடி, மரத்தாலான பல்குச்சி, டம்மி தோட்டா நான்கு. போனில் செருகும் போர்ஸ்கோப் (குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமரா) இருந்தால் கண்ணாடிகூட வேண்டாம். நான் போர்ஸ்கோப் கட்சி.

முதல் படி: ரிசீவரின் தண்டவாளம்

ரிசீவர் என்பது போல்ட்டும் ட்ரிகரும் அடங்கிய நடு உடல். மேகஸினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி மூடும் போல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டால் ஹேமர் காக் ஆகும், அதாவது சுத்தியல் பின்னால் இழுபட்டு நிற்கும். சேஃப்டியைப் போட்டுவிட்டு, கடைக்காரர் அனுமதியோடு இரண்டு பின்களைத் தட்டினால் ட்ரிகர் தொகுதி மொத்தமாகக் கீழே வந்துவிடும். கீழிருந்து விளக்கடித்துப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் போல்ட் ஓடும் தண்டவாளம் தெரியும்.

742-இன் பெயரைக் கெடுத்ததே இந்த இடம்தான். இதன் போல்ட் தலையில் திருகு மரை போல வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள். சுட்டதும் போல்ட் தலை சுழன்று பின்னால் பாயும்போது அந்தப் பற்கள் தண்டவாளத்தில் மோதும். பல நூறு தோட்டா சுட்ட பிறகு அம்மி கொத்தியதுபோல் ஒரே இடைவெளியில் குழிகள் விழும். குழி ஆழமானால் போல்ட் தட்டுத்தடுமாறி, பாதியிலேயே நின்றுவிடும்.

பளபளவென்று கோடாகத் தேய்ந்திருந்தால் பயம் வேண்டாம், அது ஓடிய தடம். பல்குச்சி நுனியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. டக், டக் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து ஏறினால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிசிறைத் தேய்த்து எடுக்கலாம், போன இரும்பு திரும்பாது. மேகஸின் போனால் தேடிப் பிடிக்கலாம், ஸ்பிரிங் மாற்றலாம். ரிசீவரை மாற்ற முடியாது. சட்டத்தின் கண்ணில் ரிசீவர்தான் துப்பாக்கி, சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன துப்பாக்கியில் எது மாற்ற முடியாததோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பளபளப்பும் ஸ்கோப்பும் அப்புறம்.

இரண்டாம் படி: சேம்பர்

நான் கோட்டை விட்டது இங்கே. முதல் துப்பாக்கியின் தண்டவாளம் சுத்தமாக இருந்தது. குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன், உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகள் கண்ணாடி மாதிரி மின்னின. அதோடு திருப்தியடைந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன். தோட்டா உட்காரும் சேம்பரைப் பார்க்கவேயில்லை. பழைய சொந்தக்காரர் வேட்டை முடிந்ததும் ஈரத்தோடு துப்பாக்கிப் பையில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்திருக்கிறார். சேம்பர் சுவரெல்லாம் துருப் புள்ளிகள்.

சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும். சுவர் வழவழப்பாக இருந்தால் மறுநொடியே சுருங்கி விடுபடும். குழிகள் இருந்தால் பித்தளை அதற்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி பிடித்து இழுக்கும், உறையின் விளிம்பு கிழியும், உறை உள்ளேயே நிற்கும். போல்ட்டுக்கு அது தெரியாது. அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து அதன் முதுகிலேயே இடிக்கும். அன்று மைதானத்தில் அந்த உறையைக் குச்சி விட்டுத் தட்டி எடுத்துக் கையில் உருட்டினேன். உடம்பெல்லாம் வேர்க்குரு போலப் பொரிப் பொரியாக இருந்தது. விளிம்பில் அரை நகம் அளவுக்குப் பிய்ந்திருந்தது.

அதனால் போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, போர்ஸ்கோப்பை உறை வெளியேறும் வாய் வழியாக விட்டு, சேம்பர் சுவரை முழுச் சுற்றும் பாருங்கள். அதைவிட எளிய வழி, விற்பவரிடம் இந்தத் துப்பாக்கியில் சுட்ட காலி உறைகள் இருக்கிறதா என்று கேட்பது. இரண்டு உறை போதும். விரலால் தடவினால் வழவழவென்று இருக்க வேண்டும், விளிம்பு முழுசாக இருக்க வேண்டும். லேசான அழுக்கு என்றால் சால்வென்ட்டும் வெண்கல பிரஷ்ஷும் போதும். குழி என்றால் கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) வேலை, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இந்தத் துப்பாக்கிகளில் சேம்பர் இப்படிப் பாழாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போல்ட்டை வெளியே எடுக்கக் குழலையே கழற்ற வேண்டும், அதற்குத் தனி ஸ்பானர் வேண்டும். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. சுத்தம் செய்வதும் வாய்ப்பக்கத்திலிருந்துதான், அதனால் குழல் வாயின் ஓரம் ராடு உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மற்றவை

முன்கட்டையைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் தள்ளும் வெடிவாயு (கேஸ்) போகும் சின்னக் குழாயில் கரி அடைத்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எண்ணெய் விடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், எரிந்து கரியாகும்.

மேகஸினில் ரெமிங்டன் முத்திரை இருக்கட்டும். மலிவான மாற்று மேகஸின்களை நான் நம்புவதில்லை. டம்மி தோட்டா நான்கையும் போட்டு, போல்ட்டை முழுசாக இழுத்து விட்டு, ஒவ்வொன்றும் நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். போல்ட்டைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்தால் நல்ல துப்பாக்கியும் சிக்கும்.

ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளப்பதை கன்ஸ்மித்திடம் விட்டுவிடுங்கள். அளந்த பிறகு, சாதாரண கம்பெனித் தோட்டாவில் குறைந்தது இரண்டு மேகஸின் சுட்டுப் பாருங்கள். குளிர்ந்த துப்பாக்கி முதல் சில தோட்டாவுக்குப் பெரும்பாலும் நல்ல பிள்ளையாக இருக்கும். சூடேறிய பிறகுதான் நிஜ முகம் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் 7400 பற்றிக் கேட்டிருந்தார்கள். 1981-இல் 742-க்குப் பதிலாக வந்தது அது. சின்னப் பற்களுக்குப் பதில் நான்கு பெரிய பற்கள், அதனால் தண்டவாளத் தொல்லை வெகுவாகக் குறைவு. சேம்பர் சோதனை அதற்கும் அப்படியே பொருந்தும். செமி ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது 760 கேம்மாஸ்டர். அதே கம்பெனி, அதே சாயல், பம்ப் வகை. போல்ட்டை ஓட்டுவது உங்கள் கை, கேஸ் அல்ல. தண்டவாளத்தில் அந்த அடி விழுவதில்லை.

ட்ரிகர் தொகுதியைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே வாங்காதீர்கள். அடுத்த கன் ஷோவிலும் ஒரு 742 கிடக்கும்.