புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஏற்றுவது எப்படி?

ஓசூர் சிப்காட் பக்கத்து லேத் பட்டறை, கிருஷ்ணகிரி கிரானைட் யூனிட்டின் எடைமேடை போன்ற இடங்களில் விண்டோஸ் 7-ஐ விடவே முடியாத நிலை வரும். பழைய மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் சில புது விண்டோஸில் ஓடாது. பழைய மதர்போர்டு போய்விட்டால் அதே போர்டும் கடையில் கிடைக்காது.

முதலில் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் 6-ஆம் தலைமுறை என்றால் தைரியமாக இறங்கலாம். அதற்கு மேல் போகப் போக டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர்) கிடைப்பது கஷ்டம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) சிஎஸ்எம் என்ற, பழைய விண்டோஸை ஓட விடும் வசதியே இல்லாத கம்ப்யூட்டரில் முயற்சி வேண்டாம். விண்டோஸ் லோகோ வந்ததும் அப்படியே நின்றுவிடும். அங்கே விண்டோஸ் 10 அல்லது 11 போட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் சாஃப்ட்வேருக்குள் 7-ஐ ஏற்றுவதுதான் சரி.

தேவையானவை: 8 ஜிபி பென்டிரைவ், சர்வீஸ் பேக் 1 சேர்ந்த விண்டோஸ் 7 64 பிட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கின் ஃபைல் வடிவம்), லைசென்ஸ் கீ, சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணையும் வகை), வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர். மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டாம். 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு அதைத் தெரியாது; கேபி 2990941 என்ற ஹாட்ஃபிக்ஸை (மைக்ரோசாஃப்ட்டின் திருத்த ஃபைல்) தனியாகச் சேர்க்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அது வீண் அலைச்சல்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரில் பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர், டார்கெட் பயாஸ் என்று வைத்துப் பென்டிரைவைத் தயார் செய்யுங்கள்.

அடுத்த வேலையில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ஸ்டால் திரை வந்ததும் கீபோர்டு, மவுஸ் இரண்டும் அசையாது. அல்லது சிடி டிரைவர் இல்லை என்று பிழை வரும். சிடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் 7 இன்ஸ்டாலரில் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது, பென்டிரைவையே அதனால் படிக்க முடியவில்லை. போர்ட்டை மாற்றிச் செருகியும் பயனில்லை. 6-ஆம் தலைமுறை போர்டுகளில் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட்டும் அதே 3.0 கண்ட்ரோலர் வழியாகத்தான் ஓடுகிறது. எனவே டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவுக்குள் சேர்த்துவிட வேண்டும். கிகாபைட் போர்டுக்கு விண்டோஸ் யுஎஸ்பி இன்ஸ்டாலேஷன் டூல், அசூஸுக்கு ஈஸி இன்ஸ்டாலர், எம்எஸ்ஐக்கு ஸ்மார்ட் டூல் இருக்கின்றன. டிரைவர் சேரும் நடுவில் கரண்ட் போனால் ஃபைல் கெட்டுவிடும், யுபிஎஸ் இருக்கட்டும்.

பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். சிஎஸ்எம்மை இயக்குங்கள். பூட் முறை லெகசி, சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று வைத்து, பென்டிரைவில் இருந்து இன்ஸ்டாலைத் தொடங்குங்கள்.

டிஸ்க் ஜிபிடி வகை (எம்பிஆருக்கு மாறான புது வகைப் பிரிப்பு) என்று சொல்லி இன்ஸ்டால் மறுத்தால், ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தி, வரும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன் கட்டளை கொடுங்கள். அதிலுள்ள எல்லாமே அழியும். கணக்கு ஃபைல் இருக்கும் வேறு ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் கேபிளை முன்பே கழற்றிவிடுங்கள்.

ஏற்றி முடிந்ததும் சிப்செட், யுஎஸ்பி, லேன், கிராஃபிக்ஸ் டிரைவர்களை இதே வரிசையில் போடுங்கள். பிராசஸரோடு வரும் உள்கிராஃபிக்ஸுக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு போதும். புதிய டிரைவர் கையெழுத்துப் பிழை காட்டினால் கேபி 4490628, பிறகு கேபி 4474419 ஆகிய விண்டோஸ் அப்டேட்களைப் போட வேண்டும். புதிய டிரைவர்களில் உள்ள ஷா-2 என்ற டிஜிட்டல் கையெழுத்து முறையைப் பழைய 7 முழுதாக அறியாது.

எடைமேடைக்கு சீரியல் போர்ட் வேண்டும். புதுப் போர்டின் பின்பக்கம் அது இல்லையென்றால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் போடலாம். பிறகு டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு சென்று காம் எண்ணை (சீரியல் போர்ட்டின் எண்) பழைய கம்ப்யூட்டரில் இருந்ததாகவே மாற்றுங்கள். எண் மாறினால் எடையே திரையில் வராது.

இந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்காதீர்கள். 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் வேறு கம்ப்யூட்டரில் நடக்கட்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும், கண்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் வழியாக சிஸ்டம் இமேஜ் ஒன்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.