பெரிய எண்ணைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

4294967297 பகா எண்ணா என்று கேட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 59, எனவே 3-உம் போகாது. அப்புறம் 7, 11, 13 வகுத்துப் பார்த்துவிட்டுக் கை வலித்ததும் "பகா எண்தான்" என்று எழுதிவிடுவார்கள். நானும் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தவன்தான்.

வர்க்கமூலம் வரை போகாமல் நிறுத்தக் கூடாது. இதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 65536, அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. 100 வரை பார்த்தவர் அதில் 25-ஐத்தான் தொட்டிருக்கிறார். இந்த எண் மாட்டுவது 116-ஆவது பகா எண்ணான 641-இல்: 641 × 6700417.

இதில் ஏமாந்தவர்களில் கணித மேதை ஃபெர்மாவும் ஒருவர் என்பது கொஞ்சம் ஆறுதல். 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று எடுத்து ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும், ஐந்துமே பகா எண்கள். அடுத்து அடுக்கு 32, அதுதான் நம் 4294967297. அதுவும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐக் காட்டி உடைத்துவிட்டார். முதல் ஐந்தும் சரியாக வந்தால் ஆறாவதும் வரும் என்று யார் சொன்னது?

ஆனால் 641 வரை ஒவ்வொன்றாக வகுக்கத் தேவையே இல்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், அதையும் ஆய்லரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் வேலை முடிந்தது! எண்ணின் அமைப்பைப் பார்க்காமல் வகுக்க உட்காருவதும் ஒரு தவறுதான்.

காரணி கிடைக்காததாலேயே பகா எண் என்று முடிவு கட்டுவது இன்னொன்று. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 147573952589676412927. இது பகு எண் என்று கணிதவியலாளர் லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார், ஒரு காரணிகூடத் தெரியாமல். 193707721 × 761838257287 என்று கோல் என்ற கணிதவியலாளர் பிரித்துக் காட்டியது 1903-இல்.

காரணிகளை எண்ணும்போது அடுக்கோடு 1 கூட்ட மறப்பது தேர்வறையில் அடிக்கடி நடக்கும். 10 லட்சத்தில் 2-உம் 5-உம் தலா ஆறு முறை வருகின்றன; காரணிகள் 36 அல்ல, 7 × 7 = 49, ஏனென்றால் 2-ஐயோ 5-ஐயோ ஒரு முறைகூட எடுக்காமலே விடுவதும் ஒரு வழி.

கணினியை நம்பலாமா என்றால், பார்த்து நம்புங்கள். மேலே சொன்ன 21 இலக்க எண்ணை எக்செல்லில் எண்ணாக அடித்தால் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி ஆறையும் பூஜ்யமாக்கிவிடும், ஒற்றைப்படை எண் சத்தமில்லாமல் இரட்டைப்படையாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். பழக்கத்தில் 2^67 என்று அடித்தால் பிழை எதுவும் சொல்லாமல் 65 என்று விடை தரும்.