விண்டோஸ் முழுவதற்கும் ஒரே ஈக்வலைசர்: கரகரப்பு வராமல் அமைக்கும் முறை

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அம்மா என் மேசைக் கணினியில் கச்சேரி கேட்பார். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், "பாட்டு கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குடா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சரி. மிருதங்கத்தின் தொப்பியில் கை விழும்போதெல்லாம் அறையே கும்மென்று அதிர்ந்தது. பாடுகிறவரின் குரல் அந்த அதிர்வுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதே பதிவு ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. ஆக, கோளாறு பதிவில் இல்லை. ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து செய்கிற வேலை.

இதைத் திருத்த ஈக்வலைசர் வேண்டும்; ஒலியில் கனத்த பகுதி, கீச்சுப் பகுதி என்று ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி அது. பிரவுசருக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று என்று தனித்தனி ஈக்வலைசர் வைத்தால் எதை எங்கே மாற்றினோம் என்பதே மறந்துபோகும். கணினியிலிருந்து வெளியே போகும் ஒலி முழுவதையும் ஒரே இடத்தில் திருத்துவதுதான் நல்லது. விண்டோஸில் அதற்கு நான் பயன்படுத்துவது ஈக்வலைசர் ஏபிஓ. இலவசம், நிரலும் திறந்த மூலம். ஏபிஓ என்றால் ஆடியோ பிராசசிங் ஆப்ஜெக்ட். விண்டோஸ் தன் ஒலிப்பாதைக்குள் இப்படிப்பட்ட சிறு நிரல்களைச் செருகிக்கொள்ள விஸ்டா காலத்திலிருந்தே இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்வதால் எந்தச் செயலியில் பாட்டு ஓடினாலும் அநேகமாக இதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்த 'அநேகமாக' எங்கே உதைக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. நிறுவுதல்

சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். முடியும் நேரத்தில் ஒலிச் சாதனங்களின் பட்டியல் ஒன்று வரும். உங்கள் காதுக்கு ஒலி எந்தச் சாதனத்தின் வழியாக வருகிறதோ அதற்கு டிக் போடுங்கள். மானிட்டரும் கேபிள் வழியாக ஒலியை வாங்கும் என்பதால் அதன் பெயரும் பட்டியலில் இருக்கலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் இப்போது எந்தச் சாதனம் ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. வேலை செய்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கூடவே வரும் கான்ஃபிகரேஷன் எடிட்டரைத் திறங்கள். மேலே ப்ரீஆம்ப் என்று ஒரு வரிசை இருக்கும். மொத்தச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றி இறக்குவது அது; அளவு டெசிபல் என்ற அலகில் இருக்கும். ஒரு பாட்டை ஓடவிட்டு, ப்ரீஆம்பை மைனஸ் 30 டெசிபலுக்கு இறக்குங்கள். சத்தம் உடனே கிசுகிசுப்பாகக் குறைய வேண்டும். குறைந்தால் எல்லாம் சரி. குறையவில்லை என்றால் ஈக்வலைசர் ஒலிப்பாதையில் இல்லை. அந்த நிலையில் எந்தக் கோட்டை எப்படி வளைத்தாலும் ஒன்றும் நடக்காது. நடந்ததுபோல் மனம் நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

குறையாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸ் 11-இன் ஒலி அமைப்பு. உங்கள் சாதனத்தின் பக்கத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒரு தேர்வு உண்டு. அது 'ஆஃப்' என்றிருந்தால் ஈக்வலைசர் ஏபிஓவும் சேர்ந்தே அணைந்துவிடும். பழைய விண்டோஸில் 'எல்லா என்ஹான்ஸ்மென்டையும் முடக்கு' என்ற டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அப்படியும் வரவில்லையா? சாதனப் பட்டியலை மறுபடி திறந்து, கீழே பிழை நீக்கும் தேர்வுகளைக் காட்டச் சொல்லி, நிறுவும் முறையை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று முறைகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட் வேண்டும்.

எடிட்டரில் எடுத்துக்காட்டுக் கோப்பு ஒன்றை உள்ளே இழுக்கும் வரிசை இருந்தால் அதன் பவர் பட்டனை அணைத்துவிடுங்கள். நீங்கள் கேட்காத மாற்றம் எதுவும் பின்னணியில் ஓடக்கூடாது.

3. ப்ரீஆம்ப்: நான் ஒரு வாரம் தடுக்கி நின்ற இடம்

குரல் கேட்கவில்லை, குரலை ஏற்றுவோம். இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. 3000 ஹெர்ட்ஸில் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் கூடினால் சுருதி ஏறும்) 4 டெசிபல், 4000-இல் இன்னொரு 4 டெசிபல் ஏற்றினேன். குரல் முன்னால் வந்தது. ஆனால் பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கரகரவென்று ஒரு கிழிசல். ஸ்பீக்கரின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தேன். கரகரப்பும் சேர்ந்து மெல்லியதாக ஆனதே தவிரப் போகவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்றே முடிவுகட்டி, புதிதாக வாங்கக் கடையில் விலைகூட விசாரித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதன் பெயர் 0 டெசிபல். அதற்கு மேல் எண்ணே கிடையாது. இப்போதைய பதிவுகளில் பெரும்பாலானவை அந்தக் கூரையை ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் இரண்டு மடங்காகும். கூரைக்கு மேல் போகிற பகுதி தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பு. அலை கணினிக்குள்ளேயே வெட்டுப்பட்டுவிடுவதால் வெளியே ஸ்பீக்கர் குமிழைத் திருகிப் பயனில்லை.

எனவே எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவுக்கு ப்ரீஆம்பை முன்கூட்டியே இறக்க வேண்டும். இது எனக்கும் தெரிந்திருந்தது. 4 டெசிபல் ஏற்றியதற்கு மைனஸ் 4 வைத்திருந்தேன். அப்படியும் கரகரப்பு போகாததுதான் என்னைக் குழப்பியது.

இப்படி ஓர் இடத்தில் செய்கிற ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஃபில்டர் என்று பெயர்; அது எவ்வளவு அகலத்துக்குப் பரவும் என்பதைச் சொல்லும் எண் கியூ. காரணம், பக்கத்துப் பக்கத்து ஃபில்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 3000-இல் 4, 4000-இல் 4 என்று கியூ 1 அகலத்தில் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் 3500 பக்கத்தில் மொத்த ஏற்றம் 7 டெசிபலைத் தாண்டும். நான் விட்ட இடம் 4 டெசிபல்தான். மிச்சம் கூரைக்கு மேல் போனது.

இதை மனக்கணக்காகப் போட வேண்டாம். எடிட்டரின் அடியில் ஆய்வுப் பகுதி ஒன்று இருக்கிறது. எல்லா ஃபில்டரும் சேர்ந்து வரும் கோட்டை அது வரைந்து காட்டும். பக்கத்தில் 'பீக் கெயின்' என்று ஓர் எண் இருக்கும்; அந்தக் கோட்டின் மிக உயர்ந்த இடத்தின் ஏற்றம் அது. அந்த எண் 0 அல்லது அதற்குக் கீழே வரும்வரை ப்ரீஆம்பை இறக்குங்கள். ஒவ்வொரு ஃபில்டரை மாற்றியபிறகும் அதைப் பாருங்கள். இந்த ஓர் எண்ணை முதல் நாளே கவனித்திருந்தால் எனக்கு அந்த வாரம் மிச்சமாகியிருக்கும்.

4. கும்மென்ற இடத்தைக் கண்டுபிடித்து இறக்குங்கள்

குரலை ஏற்றியதை அழித்துவிட்டேன். குரல் குறைவாக இல்லை, பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) அதை மூடிக்கொண்டிருந்தது. மூடியை எடுத்தால் போதும்.

எங்கள் அறை 10க்கு 10. கூரையும் ஏறக்குறைய 10 அடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 அடி என்பது 3.05 மீட்டர். 343-ஐ அந்த நீளத்தின் இரண்டு மடங்கான 6.1-ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்த ஒலியும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸும் சுவர்களுக்கு இடையே மோதி மோதி அங்கேயே நின்றுவிடும். மூன்று பக்கமும் ஒரே நீளமாக இருந்தால் மூன்றும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும். பெட்டி போன்ற அறைகளில் பேஸ் கெட்டுப்போவது இதனால்தான். உங்கள் அறைக்கும் இப்படியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இப்போது தேடுங்கள். ப்ரீஆம்பை மைனஸ் 10 வையுங்கள். பீக்கிங் ஃபில்டர் (ஓர் இடத்தை மையமாக வைத்து ஏற்றி இறக்குவது) ஒன்றைச் சேர்த்து, கெயின், அதாவது ஏற்றும் அளவு, 6 டெசிபல், கியூ 5 என்று வையுங்கள். கியூ பெரிதானால் ஃபில்டர் ஒடுங்கும். 112 ஹெர்ட்ஸில் கியூ 5 என்றால் அகலம் 22 ஹெர்ட்ஸ் அளவுக்குத்தான். தொந்தரவு தரும் பாட்டை ஓடவிட்டு, ஃபில்டரை 40-இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் சகிக்க முடியாமல் போகும். எனக்கு அது 110-க்கும் 115-க்கும் நடுவில் வந்தது. அங்கேயே நிறுத்தி, கெயினை மைனஸ் பக்கம் கொண்டுபோங்கள். நான் மைனஸ் 7-இல் நிறுத்தினேன். 56-இல் இன்னொரு ஃபில்டர், மைனஸ் 4. அவ்வளவுதான். குரலைத் தொடவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "இப்ப வாய்ப்பாட்டு கேக்குது" என்றார்.

ஒரு எச்சரிக்கை. தேடும்போது சில இடங்களில் ஒலி வற்றிப்போனதுபோல் இருக்கும். எனக்கு 85 ஹெர்ட்ஸில் அப்படி ஒரு பள்ளம். 8 டெசிபல் ஏற்றிப் பார்த்தும் நிரம்பவில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர்வழியில் வரும் ஒலியை எதிர்த்து அழிக்கும் இடம் அது. நீங்கள் ஏற்றினால் திரும்பி வருவதும் அதே அளவு ஏறும், மறுபடி அழியும். ஸ்பீக்கருக்குத்தான் சிரமம்: 10 டெசிபல் ஏற்றம் என்றால் பத்து மடங்கு மின்சக்தி. பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முயலாமல் நாற்காலியை ஓரடி நகர்த்திப் பாருங்கள்.

5. ஒப்பிடுவது

சற்றே சத்தமாகக் கேட்பது நம் காதுக்கு எப்போதும் நன்றாகவே இருக்கும். ஃபில்டர்களை அணைத்தால் சத்தம் கூடும், 'பழையதே தேவலை' என்று தோன்றும். அதனால் அணைத்துப் பார்க்கும்போது ப்ரீஆம்பை இரண்டு மூன்று டெசிபல் இறக்கி, இரண்டையும் சம சத்தத்துக்குக் கொண்டுவந்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள். இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை கேளுங்கள். களைத்த காது ஒன்று சொல்லும், புதுக் காது வேறொன்று சொல்லும்.

கருவிகள் பற்றி என் கருத்து

ஈக்வலைசர் ஏபிஓவை இயக்கப் பீஸ் என்ற தனி முகப்பைப் பலர் சொல்வார்கள். அழகாக இருக்கிறது, சட்டென்று அமைப்புகளை மாற்றலாம். ஆனால் முதன்முதலில் கற்கும்போது எடிட்டரே நல்லது; எந்த வரிசைக்கு மேல் எந்த வரிசை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பீஸை நிறுவினால் கட்டமைப்புக் கோப்பை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் உங்கள் கோப்பை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

அறையின் ஒலியை அளந்து செய்ய விரும்பினால் ரூம் ஈக்யூ விசார்ட். இதுவும் இலவசம். அளவீட்டு மைக் ஒன்று தேவை. அது எழுதித் தரும் ஃபில்டர் கோப்பை ஈக்வலைசர் ஏபிஓ அப்படியே படிக்கும்.

லினக்ஸ்காரர்கள் ஈஸிஎஃபெக்ட்ஸ் போடுங்கள். பைப்வயர் என்ற ஒலி அமைப்பு இருந்தால் போதும். முன்பு பல்ஸ்எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது இதுதான். மேலே சொன்ன ப்ரீஆம்ப் கணக்கு அங்கும் மாறாது.

சேர்க்கை 1: பிரவுசரில் வேலை செய்கிறது, பாட்டு பிளேயரில் மட்டும் இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். அந்த 'அநேகமாக' இங்கேதான் உதைக்கிறது. பிளேயர் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையிலோ ஏசியோவிலோ ஓடினால் விண்டோஸின் ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு நேராகச் சாதனத்துக்குப் போய்விடும். பிளேயரின் அமைப்பில் சாதாரணப் பகிர்வு முறைக்கு மாற்றுங்கள்.

சேர்க்கை 2: ஸ்பீக்கருக்குச் செய்த திருத்தம் ஹெட்போனிலும் வந்து பாட்டு மெலிந்துவிட்டது என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி; முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எடிட்டரில் டிவைஸ் என்று ஒரு வரிசை சேர்க்கலாம். அதில் ஸ்பீக்கரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம், அடுத்த டிவைஸ் வரிசை வரும்வரை, அந்த ஸ்பீக்கருக்கு மட்டுமே பொருந்தும். ப்ரீஆம்பையும் அதற்குக் கீழே கொண்டுவாருங்கள். ஹெட்போனுக்கு ஆட்டோஈக்யூ தளத்தில் உங்கள் மாடலைத் தேடினால் ஆயத்த ஃபில்டர்கள் கிடைக்கும். அந்தக் கோப்பின் முதல் வரியே ப்ரீஆம்ப்தான். 'சத்தம் குறைகிறது' என்று அதை அழித்துவிட்டால் படி 3-இல் சொன்ன கரகரப்பு திரும்பி வரும்.

சேர்க்கை 3: ஒலி டிரைவர் புதுப்பிக்கப்பட்டதும் ஈக்வலைசர் காணாமல் போகலாம். எனக்கே போன வாரம் நடந்தது. சாதனப் பட்டியலைத் திறந்து மறுபடி டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடும். உங்கள் ஃபில்டர்கள் அழிந்திருக்காது.

சேர்க்கை 4: என் ஸ்பீக்கரோடு சேர்ந்த சப்வூஃபரை (பேஸ் மட்டும் தரும் பெட்டி) மேசைக்கடியில் மூலையோடு ஒட்டி வைத்திருந்தேன். மூலை என்பது அறையின் எல்லா அதிர்வையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிற இடம். இரண்டடி தள்ளி வைத்ததும் 112-இல் மைனஸ் 7 தேவைப்படவில்லை, மைனஸ் 3 போதுமாயிற்று. 56-ஐ இன்னும் தொடவில்லை. இந்த ஞாயிறு அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும்.